வராத முப்பது சதவீதம்

பிப்ரவரி பிறந்துவிட்டால் நோரீன் யார்ப்ரோவுக்கு முதுகுவலி தானாக வந்துவிடும். நாற்காலியின் குற்றம் பாதி, அதற்கு எதிர்நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களின் குற்றம் பாதி என்பாள். அரிசோனாவில், கிங்மன் ஊரின் பழைய நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு துணி துவைக்கும் கடைக்கும் ஒரு டோனட் கடைக்கும் நடுவில் அந்த வருமான வரி அலுவலகம் இருந்தது. ஜனவரி முதல் ஏப்ரல் பாதி வரை அவளுக்கு அங்கே வேலை. மற்ற மாதங்களில் கால்நடைத் தீவனக் கடையின் கல்லாவில் நிற்பாள். தீவனம் வாங்க வருகிறவனுக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியும். மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விடுவான். வரி அலுவலகத்துக்கு வருகிறவர்களோ மனதுக்குள் ஒரு தொகையை நினைத்துக்கொண்டு வருவார்கள். அந்தத் தொகை இல்லை என்று சொல்வதுதான் அவள் வேலையில் பாதி.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. புருஷன் கிளென் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒரு குளிர்காலத்தில், பனி உறைந்த மலைப்பாதையில் வண்டி சாய்ந்ததில் முதுகெலும்பில் அடிபட்டு வீட்டோடு முடங்கினான். இரண்டு சம்பளம் ஒன்றானது. அப்போதுதான் நோரீன் ஊர்க் கல்லூரியில் இரவு வகுப்புக்குப் போய் வரிக்கணக்கு எழுதக் கற்றாள். நாற்பத்தைந்து வயதில் பள்ளிப்பிள்ளை மாதிரி பென்சில் டப்பாவோடு போனதை கிளென் இன்னும் கேலி செய்வான். இப்போது அவளுக்கு அறுபத்தொன்று. இந்த வருஷத்தோடு விட்டுவிடுவேன் என்று நான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சோலார் தகடு போட்டவர்கள் வரத் தொடங்கிய பிறகு அலுப்பு இரட்டிப்பானது. வீட்டுக் கூரையில் தகடு பதித்தால், ஆன செலவில் முப்பது சதவீதத்தை அரசாங்கம் வரியில் கழித்துக்கொள்ள விடும். வரியில் கழிக்கும், அவ்வளவுதான். கட்ட வேண்டிய வரி என்று ஒன்று இருந்தால் அதிலிருந்து கழியும். இல்லாதவனுக்குக் கையில் ஒரு சல்லிக்காசு வராது. விற்க வருகிறவர்கள் இந்த இரண்டாம் வாக்கியத்தை விழுங்கிவிடுவார்கள். அதைச் சொல்லும் வேலை நோரீன் தலையில் வந்து விழும்.

அந்த வருஷம் பிப்ரவரியில், காற்று புழுதியை வாரி அடித்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஒஃபீலியா பர்ருவெல் வந்தாள். அறுபத்தொன்பது வயது. முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். ஊரில் பாதிப் பேர் சின்ன வயதில் அவள் அதட்டலுக்குப் பயந்து ஜன்னல் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தவர்கள்தான். ரயில்வேயில் வேலை பார்த்த புருஷன் ரெஃபுஹியோ இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பளிச்சென்று உதட்டுச்சாயம் பூசி, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்திருந்தாள். மடியில் காகிதத்தில் சுற்றிய தமாலே, சோளமாவுக்குள் கறி வைத்து அவித்த மெக்சிகோ பலகாரம்.

"சூடா இருக்கு, முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் என் செக் எப்ப வரும்னு மட்டும் சொல்லிடுங்க" என்றாள்.

"எந்தச் செக்?"

"சோலார் செக்தான். முப்பது சதவீதம். போன ஜூன்ல கூரையில போட்டேன். அந்தச் செக் வந்ததும் லோன்காரங்ககிட்ட அப்படியே கட்டிடணும். கோடைக்குள்ள கட்டலைன்னா மாசத் தவணையை ஏத்திடுவாங்களாம். அதான் வெரசா வந்துட்டேன்."

நோரீன் அவள் கொண்டுவந்ததைப் பார்த்தாள். முதியோர் பென்ஷன், பள்ளி நிர்வாகம் தரும் சின்ன ஓய்வூதியம். வேறெதுவும் இல்லை. கணினியில் ஏற்றும்போதே கடைசி வரியில் என்ன வரும் என்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஒன்றுவிடாமல் ஏற்றினாள். எதிரே இருப்பவள் இன்னும் கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்பது தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

"மிஸ்ஸஸ் பர்ருவெல், உங்களுக்கு வரியே இல்ல" என்றாள்.

"நல்லதாப் போச்சு."

"நல்லதுதான். ஆனா இந்தச் சலுகை வரியிலதான் கழியும். கடையில பத்து டாலர் தள்ளுபடின்னு ஒரு கூப்பன் குடுக்கறான்னு வெச்சுக்கங்க. நீங்க அங்க எதையுமே வாங்கல. அப்போ கூப்பனை நீட்டினா பத்து டாலர் கையில குடுப்பானா?"

ஒஃபீலியா யோசித்தாள். "குடுக்க மாட்டான்."

"அதேதான் இது."

வெளியே ஒரு சரக்கு ரயில் போனது. அந்த ஊரில் ரயில் போகும்போது யாரும் பேசமாட்டார்கள், பேசினாலும் கேட்காது. பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. கடைசிப் பெட்டி போனதும் ஒஃபீலியா கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அழாமல், உதட்டுச்சாயத்தை மட்டும் மெல்லத் துடைத்தாள்.

"இன்னொரு தடவ பாருங்க."

நோரீன் மறுபடியும் பார்த்தாள். பூஜ்யம்தான்.

"அந்தப் பையன் பொய் சொல்றவன் இல்லம்மா. என் கூரைல இருக்கிற கூலர் ஓடாம கிடந்துச்சு. ஏறிப் பாத்து, மோட்டாரைக் கழட்டி, ஒரு காசு வாங்காம ஓட வெச்சுக் குடுத்தான். 'இறங்குடா, விழுந்துடப் போற'ன்னு நான் கத்துறேன், அவன் மேல நின்னு விசிலடிக்கறான். முன்பல்லுல ஒரு இடுக்கு இருக்கும், அதுலயே விசிலடிப்பான். எல்லாரையும் 'பாஸ்'னுதான் கூப்பிடுவான். என்னையும் பாஸ்னான்."

நோரீனின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. அந்த இடுக்கை அவளுக்குத் தெரியும். தம்பி ராய்ஸுக்குப் பன்னிரண்டு வயதில் பல் டாக்டர் கம்பி கட்டச் சொன்னபோது, பணமில்லாமல் அப்படியே விட்டுவிட்டவள் அவள்தான்.

"அவன்தான் இந்த ஆபீசுக்கு வரச் சொன்னான்" என்றாள் ஒஃபீலியா. "'என் அக்காவே வரிக்கணக்கு பாக்கறா, எனக்கு முழுசா வாங்கிக் குடுத்தா, உங்களுக்கும் வாங்கிக் குடுப்பா'ன்னான். நீங்கதானே அந்த அக்கா?"

"நான்தான்" என்றாள் நோரீன்.

 காகிதங்களை விட்டுவிட்டுப் போங்கள், பார்க்கிறேன் என்றாள். பார்க்க ஒன்றுமே இல்லை என்று தெரிந்தேதான் சொன்னாள். தமாலே மேஜையிலேயே ஆறிப்போனது.

ராய்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா இறந்தபோது நோரீனுக்குப் பத்தொன்பது, அவனுக்குப் பத்து. அப்பா சுரங்க வேலைக்கென்று நெவாடா பக்கம் போனவர், பிறகு பணம்தான் வந்தது, அதுவும் நின்றுபோனது. அவனைக் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, காவல் நிலையத்திலிருந்து இரண்டு முறை கூட்டிவந்து ஆளாக்கியவள் அவள். நாக்கில் தேன் தடவிப் பிறந்தவன். டிஷ் ஆன்டெனா விற்றான், தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றான், பழைய கார் விற்றான். விற்கிற பொருளை முதலில் தானே முழுசாக நம்பிவிடுவான். அதனால்தான் அவன் பேச்சை மற்றவர்களும் நம்பினார்கள். எதிலும் நிலைக்கவில்லை. கடைசியில் இரண்டு வருஷம் முன்பு ஒரு சோலார் கம்பெனியில் மாதச் சம்பளமும் கமிஷனுமாகச் சேர்ந்தான். முதல் வேலையாகத் தன் கூரையிலேயே தகடு போட்டுக்கொண்டான். அப்பாடா, இவன் கரையேறிவிட்டான் என்று நோரீன் பெருமூச்சு விட்டாள்.

அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனாள். கொட்டகையில் எதையோ கழற்றிக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்தான்.

"என்ன நோரி, இந்தப் பக்கம் காத்து அடிக்குது? கிளென் துரத்திட்டானா?"

"ஒஃபீலியா பர்ருவெல் வந்தாங்க."

"ஓ, பஸ் பாட்டியா. செக் எப்ப வரும்?"

"வராது."

"தாமதமாகுமா?"

"ராய்ஸ், வராதுங்கறேன். அந்தம்மாவுக்கு வரியே கிடையாது. எதுலேர்ந்து கழிக்கறது?"

அவன் சிரித்தான். அவள் விளையாடுகிறாள் என்று உண்மையாகவே நினைத்தான். "எனக்கு வந்துச்சே. நீதானே போட்டுக் குடுத்த."

"உனக்குச் சம்பளத்துல வருஷம் பூரா வரி பிடிச்சிருந்தாங்க. நீ கட்டின காசைத்தான் திருப்பிக் குடுத்தாங்க. அந்தம்மா எதையும் கட்டல. வீடு வீடாப் போய்க் கூரையெல்லாம் அளந்தியே, 'நீங்க வரி கட்டுறீங்களா'ன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"அதைக் கேக்கக் கூடாதுன்னாங்க. வருமானத்தைப் பத்திக் கேட்டா வயசானவங்க சங்கடப்படுவாங்க, மரியாதை இல்லன்னு பயிற்சியில சொன்னாங்க. முப்பது சதவீதம் திரும்பி வரும்னு சொல்லு, அது போதும்னாங்க."

"நீயும் சொன்ன."

"நான் உன் பேரையும் சேத்துச் சொன்னேன், நோரி. எனக்கு வந்த ரீஃபண்டை போன்ல காட்டுவேன். 'இதோ பாருங்க பாஸ், என் அக்கா வாங்கிக் குடுத்தது'ன்னு. அதுக்கப்புறம் ஒருத்தர்கூட வேணாம்னு சொல்லல."

நோரீன் அங்கிருந்த ஒரு காலி பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். போன வருஷம் அவன் கணக்கை முடித்த நாள் அவளுக்கு நினைவு வந்தது. திரையில் அந்தத் தொகை விழுந்ததும் அவளே அவனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அன்று மூன்று பேருமாக வெளியே போய் ஸ்டேக் சாப்பிட்டார்கள். கிளென்கூட முதுகுப் பட்டையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். அவள் பிழையில்லாமல் செய்த வேலை அது. அதையே இவன் தூண்டிலில் கோத்திருக்கிறான், தூண்டில் என்று தெரியாமலேயே.

"எத்தனை பேர்?" என்றாள்.

"எல்லாருமே இப்படி இல்ல. வேலைக்குப் போறவங்க நிறையப் பேர்."

"வேலைக்குப் போகாதவங்க எத்தனை பேர்னு கேட்டேன்."

அவன் வாய்க்குள்ளேயே எண்ணினான். அவள் அந்த எண்ணிக்கையைக் கேட்க விரும்பவில்லை. கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவங்க என்கிட்ட வர்றதுக்கு முன்னால நீ போய்ச் சொல்லு. ஒவ்வொரு வீட்டுக்கும்."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

"உனக்கென்ன, சுலபமாச் சொல்லிட்ட."

"எனக்கு எதுவும் சுலபமில்ல ராய்ஸ்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. உயர்த்தத் தெம்பில்லை. "பதினாறு வருஷமா நான் ஜனங்களுக்கு இல்லைன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். அது என் வேலை, சொல்றேன். ஆனா நீ கதவைத் தட்டி உண்டுன்னு சொன்னதுக்கு, நான் உக்காந்து இல்லைன்னு சொல்லணுமா? உனக்காக நான் எவ்வளவோ பேர்கிட்ட பேசியிருக்கேன். ஹெட்மாஸ்டர்கிட்ட, போலீஸ்கிட்ட, உன் முதல் பொண்டாட்டிகிட்ட. இதை நீ பேசு."

அவன் ஸ்பேனரை மறுபடி கையில் எடுத்தான். அவள் வீட்டுக்கு வந்தாள். கிளென் டின் பீன்ஸைச் சூடாக்கி வைத்திருந்தான்.

"பேசினியா?"

"பேசினேன்."

"போவானா?"

"தெரியல."

"அவன் நல்லவன்தான்" என்றான் கிளென். "நல்லவனுங்களாலதான் எனக்குச் செலவு ஜாஸ்தி."

நோரீனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிட்டது. தட்டு மடியில் இருக்க, நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாள்.

ராய்ஸ் உடனே போகவில்லை. இரண்டு வாரம் அவள் அழைப்பை எடுக்கவில்லை. அதற்குள் இன்னும் மூன்று பேர் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள், மூவரும் பென்ஷன்காரர்கள். ஒருவர் மேஜையைக் குத்தினார். ஒரு தம்பதி அவள் முன்னாலேயே ஒருவரையொருவர் குற்றம் சொல்லிச் சண்டை போட்டார்கள். "நீதானே கையெழுத்துப் போடச் சொன்ன?" "நீங்கதானே கரண்ட் பில்லைப் பாத்துப் பாத்துப் புலம்பினீங்க?" நோரீன் கூப்பன் உதாரணத்தை மறுபடி மறுபடி சொன்னாள். சொல்லச் சொல்ல அந்த வாக்கியம் வாயில் சுவையிழந்த சூயிங்கம் ஆகிவிட்டது.

ஆனால் ஒஃபீலியாவின் காகிதங்களை அவள் மூடி வைக்கவில்லை. மதிய இடைவேளைகளில் எடுத்துப் பார்த்தாள். மார்ச் முதல் வாரத்தில் அவளை வரச் சொன்னாள். இந்த முறை ஒஃபீலியா உதட்டுச்சாயம் பூசியிருக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் ஏதாவது சேமிச்சு வெச்சிருந்தாரா? ரயில்வேல பிடிச்சு வெச்சது மாதிரி?"

ஒஃபீலியாவின் முகம் இறுகியது. "அது ரெஃபுஹியோவோட காசு. நான் தொட மாட்டேன்."

"தொடச் சொல்லல. இருக்கான்னு கேக்கறேன்."

"இருக்கு. என் பேருக்கு மாத்தினாங்க. அப்படியே கிடக்குது."

நோரீன் நிதானமாகச் சொன்னாள். அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்தால் அது வருமானம். அதற்கு வரி உண்டு. வரி என்று ஒன்று வந்தால் அதில் இந்தச் சோலார் சலுகையைக் கழிக்கலாம். இந்த வருஷக் கணக்கில் எழுதிவைத்தால் சலுகை அடுத்த வருஷத்துக்கும் அதற்கடுத்ததற்கும் போகும். "கொஞ்சம் எடுத்து லோன்ல கட்டினா தவணை ஏறாது. எடுத்ததுக்கு வர்ற வரியைச் சலுகை பாத்துக்கும். ஆனா நான் உங்களை ஏமாத்த மாட்டேன். முப்பது சதவீதம் முழுசா உங்களுக்கு எந்தக் காலத்துலயும் வராது. பாதிகூட வராது. இது உங்க காசு உங்களுக்கே வரியில்லாம வர்றது, அவ்வளவுதான். எடுக்காம விட்டா, தவணை ஏறும், அதைச் சமாளிக்கணும். ரெண்டுமே நல்ல வழி இல்ல. எது கொஞ்சம் குறைவா வலிக்கும்னு நீங்கதான் பாக்கணும்."

ஒஃபீலியா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். துணி துவைக்கும் கடையிலிருந்து ஒரு பெண் ஈரத்துணிக் கூடையோடு காருக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"அவர் ராத்திரி ஷிப்ட் பாத்துச் சேத்த காசு" என்றாள். "பனியில நின்னு சேத்தது. எனக்கு ஏதாவது நோவு வந்தா ஆகும்னு சொல்லுவார். கூரைல கண்ணாடி பதிக்கவா சேத்தார்?"

நோரீன் காகிதங்களை ஒழுங்காக அடுக்கினாள். 

"கரண்ட் பில் குறைஞ்சிருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"குறைஞ்சிருக்கு. அதைப் பொய்னு சொல்ல மாட்டேன்."

"சரி, யோசிச்சுச் சொல்லுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ராய்ஸ் கிளம்பினான். யாருக்கும் சொல்லாமல் போனான். பிறகு வந்த ஒவ்வொருவர் வாயிலிருந்தும் நோரீன் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டாள். முதல் வீட்டில் கதவை முகத்தில் சாத்தினார்கள். இரண்டாம் வீட்டில் ஒரு கிழவர் நாயை அவிழ்த்துவிட்டார். நாய்க்கு இவனை முன்பே தெரியும் என்பதால் அது வாலை ஆட்டிக்கொண்டு வந்து காலை நக்கியது, அதில் கிழவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஒரு வீட்டில் அவன் சொன்னது புரியாமல் புதுச் சலுகை ஒன்று வந்திருக்கிறது என்று நினைத்து நன்றி சொன்னார்கள். அங்கே உட்கார்ந்து முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

ஒஃபீலியா அவனை உள்ளே விட்டாள். சமையலறையில் நிற்க வைத்தே கேட்டாள்.

"எனக்கு வராதுன்னு தெரிஞ்சு சொன்னியா, தெரியாம சொன்னியா?"

"தெரியாமத்தான், பாஸ்."

"என்னைப் பாஸ்னு கூப்பிடாத."

"சரி, மிஸ்ஸஸ் பர்ருவெல்."

"தெரியாததை ஏன் சொன்ன?"

அவன் தரையைப் பார்த்தபடி நின்றான். முப்பது வருஷம் பேருந்துக் கண்ணாடியில் பின்வரிசைப் பிள்ளைகளைப் பார்த்த கண் அவளுடையது. அதனிடம் ஒளிக்க முடியாது. "விக்கணும்கிற ஆசையில சொன்னேன்" என்றான்.

"அது சரியான பதில்" என்றாள் அவள். "இப்ப போ. இன்னைக்கு உன் மூஞ்சியைப் பாக்க எனக்குப் பிடிக்கல."

மறுநாள் கம்பெனியில் அவனைக் கூப்பிட்டு, வாடிக்கையாளர்களைக் கலைக்கிறாய் என்று வேலையிலிருந்து நீக்கினார்கள். வேனிற்காலம் முடிவதற்குள் கம்பெனியே அந்த ஊர்க் கிளையை மூடிவிட்டுப் போனது. மாநில நுகர்வோர் அலுவலகத்துக்குப் புகார் எழுதிப் போட்ட எல்லோருக்கும் பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

ராய்ஸ் ஒரு டயர் கடையில் சேர்ந்தான். கொஞ்ச நாள் அக்காவும் தம்பியும் தேவையானதை மட்டும் பேசிக்கொண்டார்கள். ஒரு சனிக்கிழமை அவள் காரின் டயரைப் பார்த்துவிட்டு, "இது தேஞ்சு போச்சு, மாத்தணும்" என்றான்.

"விக்கப் பாக்கறியா?"

"இல்ல நோரி. நிஜமாவே தேஞ்சிருக்கு. குனிஞ்சு பாரு."

அவள் முதுகு குனிய விடவில்லை. அவன் சொன்னதை நம்பி மாற்றிக்கொண்டாள்.

ஒஃபீலியா கடைசியில் சேமிப்பைத் தொட்டாள். மே மாதம் ஒரு பகுதியை எடுத்து லோனில் கட்டினாள். தவணை அதிகம் ஏறவில்லை. கணவனின் படத்துக்கு முன்னால் நின்று அன்று மாலை முழுக்க அவரோடு சண்டை போட்டதாகச் சொன்னாள். யார் ஜெயித்தது என்று சொல்லவில்லை.

அடுத்த பிப்ரவரியில் மறுபடி வந்தாள். நோரீன் கணக்கைப் போட்டாள். எடுத்த பணத்துக்கு வரி வந்தது. எழுதிவைத்த சலுகை அதை முழுசாகக் கழித்தது. கட்ட வேண்டியது பூஜ்யம். மிச்சச் சலுகை இன்னும் பெரிய தொகையாக அடுத்த வருஷத்துக்கு நகர்ந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள் ஒஃபீலியா.

"அவ்வளவுதான்."

"இதுக்குச் சந்தோஷப்படணுமா?"

"வரி கட்டாம தப்பிச்சீங்க. அந்த அளவுக்குச் சந்தோஷப்படலாம்."

ஒஃபீலியா தலையசைத்தாள். குளிர் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். "இந்த மிச்சம் தீர எத்தனை வருஷம் ஆகும்?"

"நீங்க எவ்வளவு எடுக்கறீங்களோ, அதைப் பொறுத்து. தீராமலும் போகலாம்."

"அடுத்த வருஷம் நீங்க இருப்பீங்களா? வேற யார்கிட்டயும் மறுபடி முதல்லேர்ந்து சொல்ல என்னால முடியாது."

நோரீன் கண்ணாடியைக் கழற்றி மூக்குத்தண்டைத் தேய்த்துக்கொண்டாள். பின்னால் வரிசையில் இன்னும் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் கையில் சோலார் கம்பெனியின் வண்ண உறை ஒன்று இருந்தது, வேறு கம்பெனி.

"தெரியல மிஸ்ஸஸ் பர்ருவெல்" என்றாள். "இருந்தா நானே போட்டுத் தரேன்."

ஒஃபீலியா போனதும் எழுந்து, காபி இயந்திரத்தின் அடியில் கருகிக் கிடந்ததைக் கழுவிக் கொட்டிவிட்டுப் புதிதாகக் காபி போட்டாள். ஒரு கோப்பை ஊற்றிக் குடித்துவிட்டு, வண்ண உறை வைத்திருந்தவரைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றாள்.